ஐந்தாவது மறுப்பு

பகிர்வுப்பெட்டியைப் பற்றிக் கருங்கல்புதூர்க்காரர்கள் எழுதிப் போட்ட முதல் புகாரில் மின்சாரம் என்ற சொல்லே இல்லை. பெட்டிக்கு மரியாதை தெரியவில்லை என்பதுதான் புகார்.

நடந்தது இதுதான். சித்திரை மாதம், விளக்கு வைக்கிற நேரம். கோகிலவாணியின் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் விசிறிகள் சுணங்கின. சுவரில் இருந்த பெட்டி, "உங்கள் கலனில் இருப்பு குறைவு. எதிர் வீட்டில் பன்னிரண்டு அலகு உபரி உள்ளது. வேண்டுமா?" என்று செந்தமிழில் கேட்டது.

"போச்சாதுங்க. இருக்கறத வெச்சுச் சமாளிச்சுக்கறனுங்க" என்றாள் கோகிலவாணி.

நாமக்கல் பக்கத்தில் போச்சாது என்றால் பரவாயில்லை. ஆனால் முதல் தடவை கேட்டதற்கு அதைத்தான் சொல்வார்கள், பரவினாலும் பரவாவிட்டாலும். பெட்டிக்கு அது தெரியவில்லை. "நன்றி" என்றது. பச்சை விளக்கு அணைந்தது. மூன்று நிமிடத்தில் விசிறியும் நின்றது. கோகிலவாணி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர் வீட்டுக்காரர், எல்லா விளக்கும் எரிய, ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு தடவ கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க" என்று அவள் புகாரில் எழுதினாள். நூற்றுப்பத்து வீடுகளில் எண்பத்தேழு வீடுகள் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தன.

கம்பி வழியே எங்கிருந்தோ மின்சாரம் வந்த காலம் முடிந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அடுத்தடுத்து அடித்த புயல்கள் பெரிய மின்கோபுரங்களைச் சாய்த்த பிறகு, அவற்றை நட்டு நட்டுச் சாயவிடுவதைவிட ஒவ்வொரு ஊரும் தன் கூரையிலேயே விளைவித்துக்கொள்ளட்டும் என்று சட்டம் வந்தது. கூரையில் கதிர் ஓடுகள், கொல்லையில் ஆள் உயரத்துக்கு உப்புக்கலன். ஓடு வெயிலை மின்சாரமாக்கும், கலன் அதைத் தேக்கி வைக்கும். நூற்றுச் சொச்சம் வீடுகளை ஒரே கம்பியில் கோத்தால் அது ஊர்வளையம். வளையத்துக்குள் விற்பனை கிடையாது. இருப்பவர் கொடுக்கலாம், இல்லாதவர் வாங்கலாம், அவ்வளவுதான். மிச்சமிருந்த டீசல் எந்திரங்களை அரசே வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

கொடுப்பதும் வாங்குவதும் வீட்டுக்காரர் வாயால் சொன்னால்தான் நடக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஏழாம் பிரிவு. அதற்கு முந்தைய திட்டத்தில் தொலைபேசித் திரையில் விரல் வைத்தவர்கள், என்ன ஏதென்று படிக்காமலே, இருபது வருடத்துக்குக் கூரையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து அரசுக்கு விரல் மேல் நம்பிக்கை போய்விட்டது. குரலை நம்பினார்கள். பயத்திலோ வற்புறுத்தலிலோ சொன்ன சொல் செல்லாது என்றும், அப்படித் தோன்றினால் பெட்டி பூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவில் கடைசியாக ஒரு வரி இருந்தது. நல்ல வரிதான். யாரும் அதை எதிர்க்கவில்லை.

புகார்களைப் படித்த ஊர் மின்பகிர்வு வாரியம், ஜெரோம் என்ற பொறியாளரை அனுப்பியது. தூத்துக்குடிக்காரர். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லி வளர்ந்தவர்.

"வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதான மேடம்? அதுல என்ன இருக்கு?" என்று கோகிலவாணியிடம் கேட்டார்.

"எப்படிங் சார் சொல்றது? அடிச்சுப் புடுங்கற மாதர இருக்காதுங்களா?"

"கேக்கிறது பெட்டி மேடம். மனுஷன் இல்ல."

"கேக்கறது எதுவா வேணா இருக்கட்டுமுங்க. பதில் சொல்றது நானுங்களே."

ஜெரோம் திரும்பிப் போகவில்லை. ஊரிலேயே தங்கினார். மூன்றாவது வாரம் கோகிலவாணியின் மகள் தாரணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, அதே ஊரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வைத்திருக்கும் சென்னியப்பனின் மகன். பந்தியில் ஜெரோமுக்கு எதிர் வரிசையில் ஒருவர் இலைக்கு மேல் இரண்டு கையையும் குடை மாதிரி விரித்து, "போதுமுங்க, போதுமுங்க" என்றார். பாயச வாளியோடு நின்றவன் நகரவே இல்லை. "அட, கொஞ்சூண்டுங்க" என்றான். இரண்டாவது தடவை கை கொஞ்சம் மேலே போனது. மூன்றாவது தடவை விரல்கள் பிரிந்தன. அந்த இடைவெளியில் பாயசம் இறங்கியது. இருவர் முகத்திலும் எந்த ஆச்சரியமும் இல்லை.

ஜெரோம் சாப்பிடுவதை மறந்து குறிப்பேட்டை எடுத்தார். அடுத்த பந்தியிலும் உட்கார்ந்து எழுதினார். அவர் இலைக்குப் பாயசம் வந்தபோது, "இல்ல, நிஜமாவே போதும்" என்றார். மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லி முடிக்கும்போது இலையில் பாயசம் இருந்தது. அங்கேயே தனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும் என்று பின்னால் ஒருநாள் கோகிலவாணியிடம் சொன்னார். அன்றைக்குத் தட்டவில்லை.

அவர் பெட்டிக்குள் புதிதாக ஓர் அடுக்கைச் சேர்த்தார். உபசார அடுக்கு என்று பெயர் வைத்தார். அதன்பின் பெட்டி ஊர்ப் பேச்சில் பேசியது, வேண்டாம் என்றால் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டாம் தடவை கேட்டது, மூன்றாம் தடவையும் கேட்டது. சொல்லை விட்டுவிட்டுக் குரல் எங்கே தளர்கிறது என்று கவனித்தது. தளர்ந்த இடத்தில், "அப்ப அனுப்பிச்சுடறனுங்க" என்று முடித்தது. சென்னியப்பன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "இப்பத்தானுங்க பொட்டிக்கு நம்மூர்த் தண்ணி ஒத்துக்கிருக்குது" என்றார். யாரும் கை நீட்டாமலே எல்லாருக்கும் தேவையானது கிடைத்தது. வாரியம் கருங்கல்புதூருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. பக்கத்து மாவட்டங்களும் அந்த அடுக்கைக் கேட்டு வாங்கின.

ஒரு சங்கடம் மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் பத்துக் கேள்வி வந்தால் முப்பது தடவை பதில் சொல்ல வேண்டும். சமையலும் சோலியும் கெட்டன. ஆகவே அடுத்த வருடம் பதிலாள் திருத்தம் வந்தது: தொண்ணூறு நாள் ஒரு வீட்டின் பேச்சைக் கேட்டுப் பழகிய பெட்டி, அந்த வீட்டின் சார்பாகத் தானே பேசிக்கொள்ளலாம். ஏழாம் பிரிவுப்படி குரல் பதிவு வேண்டும் என்பதால் பெட்டிகள் வாய்விட்டே பேசிக்கொண்டன. சாயங்காலம் நாற்காலியைப் பெட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்பவர்கள்கூட இருந்தார்கள். "எங்க பொட்டி எப்படி நயமாப் பேசுது பாத்தீங்களா" என்று பெருமை பேசினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோகிலவாணி ஒரு காரியம் செய்தாள். சேகோ ஆலையின் பெட்டி நாலு அலகு கொடுக்க வந்தபோது, அவள் பெட்டி இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டது. அவளுக்குச் சுருக்கென்றது.

"மூணாந்தடவைக்கே வாங்கிட்டயா? அதென்ன பக்கத்து வீடா? பொண்ணக் குடுத்த எடம். நாலு அலகுக்கு அங்க போயிக் கையேந்துவாங்களா?"

"எத்தன தடவைங்க மறுக்கோணும்?" என்று பெட்டி பணிவாகக் கேட்டது.

"அவங்களாச் சலிச்சு விடற வரைக்கும்."

பெட்டி அதைக் குறித்துக்கொண்டது. அதே வாரத்தில் ஆலையில் சென்னியப்பன் தன் பெட்டியிடம், "சம்பந்தி ஊட்டுல வேண்டாம்னாங்கன்னு திரும்பி வந்துராத. அவங்க வாங்கற வரைக்கும் உடாத" என்று சொல்லி வைத்தார். அதுவும் குறித்துக்கொண்டது. இரண்டு குடும்பமும் இதை நல்ல பழக்கம் என்றே நினைத்தன.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாளாகக் கதிரோடுகள் மேல் வெளிச்சமே விழவில்லை.

கோகிலவாணியின் ஹேச்சரியில் அப்போது ஒரே ஒரு எந்திரம்தான் ஓடியது. அதில் நாலாயிரத்து இருநூறு முட்டைகள். நாற்பத்து நாலு டிகிரி வெயிலிலும் தளராமல் முட்டையிடும் கோழி வேண்டும் என்று அவள் மூன்று கோழித் தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்த இனம் அது. தாய்க்கோழிகள் மொத்தமும் புரட்டாசிக் கடைசியில் வந்த நோயில் போய்விட்டன. ஆகவே அந்த இனம் என்று உலகத்தில் மிச்சமிருந்தது எந்திரத்துக்குள் இருந்த முட்டைகள்தாம். அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். அந்தக் கட்டத்தில் முட்டைக்கு வெளியிலிருந்து சூடு தேவையில்லை. உள்ளே இருக்கும் உயிரே சூடு. விசிறி ஓடிக் காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் தன் சூட்டிலேயே புழுங்கிச் செத்துப்போகும்.

காலை பதினொன்றே கால் மணிக்கு, எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ரங்கநாயகி ஓடி வந்தாள். "அக்கா, கலன்ல ஒரு அலகு கூட இல்லீங்க. இன்னும் அரமணி நேரம் தாங்குனா அதிகம்."

"சேகோ ஆலையில நெறைய இருக்குமே. மழைக்கு ஆலைய மூடித்தான போட்டிருக்காங்க. நம்ம பொட்டி கேக்கலயா?"

"கேக்கறதா? ஒம்பதரையிலிருந்து அதுக ரெண்டும் பேசிட்டே இருக்குதுங்க."

கோகிலவாணி பெட்டியிடம் போனாள். இரண்டு குரல்களும் கொஞ்சம்கூடக் களைப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"எடுத்துக்குங்க. சும்மா கெடக்கறது தானுங்க."

"ஐயோ, வேண்டாமுங்க. உங்களுக்கு எப்ப வேணும்னு யாரு கண்டது? வெச்சுக்குங்க."

"அதெப்படிங்க, எங்களுக்கு மனசு கேக்கோணுமுல்ல?"

"உங்க மனசு தெரியாதுங்களா? போச்சாதுங்க."

திரையில் எண் ஓடியது. எழுநூற்று முப்பத்தெட்டாவது மறுப்பு.

"வாங்கிக்க!" என்று கத்தினாள் கோகிலவாணி. "வேணும்! இப்பவே வேணும்!"

பேச்சு நின்றது. விளக்கு சிவப்பானது. பெட்டி தாழ்ந்த குரலில், "வற்புறுத்தல் ஐயமுங்க. உங்க உரிமையக் காப்பாத்தறதுக்காகக் கால்மணி நேரம் பூட்டிக்கறனுங்க. பயப்படாதீங்க" என்றது.

அவள் ஜெரோமைக் கூப்பிட்டாள். அவர் எங்கோ ஒரு மலை ஊரில் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு வளையத்தின் பதிவுகளைத் திறந்து பார்த்தார்.

"மேடம், ஒன்றரை வருஷப் பதிவு என் முன்னால இருக்கு. உங்க வளையத்துல ஒருத்தர்கூட, ஒரு தடவைகூட, முதல் வாய்லயே 'வேணும்'னு சொன்னதில்ல. பெட்டிக்கு அப்படி ஒரு பேச்சே தெரியாது. இப்ப அது என்ன நினைக்குதுன்னா, யாரோ உங்க கழுத்துல கத்திய வெச்சிருக்கான்."

"அப்ப நீங்க அங்கிருந்தே தொறந்து உடுங்க சார்."

"அதுக்கு மூணு அதிகாரி கையெழுத்து வேணும். ரெண்டு மணி நேரமாவது ஆகும். கம்பியில கை வெச்சா மொத்த வளையமும் நின்னுரும், அதையும் செஞ்சிராதீங்க." மறுபடி பதிவைப் பார்த்தார். "உங்க பெட்டிதான பூட்டியிருக்கு. சம்பந்தி வீட்டுப் பெட்டி திறந்துதான் இருக்கு. நேர்ல போங்க. வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் நேர்ல பேசுனா பதிலாள் பேச்சு ரத்து, உங்க பேச்சுதான் செல்லும். இதுவரைக்கும் நீங்க ரெண்டு குடும்பமும் நேர்ல பேசுனதெல்லாம் அஞ்சாவது மறுப்புலதான் முடிஞ்சிருக்கு. அஞ்சு வரைக்கும் போகணும். அவசரம் தெரியக் கூடாது. எப்பவும் போறமாதிரி போங்க."

"வேண்டாம்னா சொல்லச் சொல்றீங்க?"

"ஆமா மேடம். நல்லா சொல்லணும்."

ஆலை இரண்டு தெரு தள்ளி. அவள் மழையில் ஓடினாள். ஆலை வாசலில் நின்று, மூச்சு அடங்கும்வரை சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். ஜெரோம் அதற்குள் சென்னியப்பனிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் அலுவலக அறை வாசலுக்கே வந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் அவருடைய வழக்கமான குரல்.

"வாங்க சம்பந்தி. இந்த மழையில எங்கீங்க இவ்வளவு தூரம்?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தனுங்க. பாத்துட்டுப் போலாம்னுட்டு."

"உக்காருங்க. கண்ணாத்தா, சம்பந்தி வந்திருக்காங்க பாரு."

சுவரில் பெட்டி பச்சை விளக்கோடு கேட்டுக்கொண்டிருந்தது. சென்னியப்பனின் மனைவி கண்ணாத்தாள் காப்பியோடு வந்தாள்.  தம்ளரை மேசை மேல் வைத்தாள்.

"இப்பத்தானுங்க குடிச்சேன்" என்றாள் கோகிலவாணி.

"ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆயிராது."

"வேண்டாமுங்க, சாப்பாட்டு நேரமாச்சு."

"சூடா இருக்குது அம்மிணி, மழைக்கு எதமா இருக்கும்."

குடித்தாள். குடிக்காமல் பேச்சை ஆரம்பிக்க முடியாது. பேத்திக்குக் காது குத்துவது தையிலா மாசியிலா என்று கண்ணாத்தாள் கேட்டாள். மாசி நல்லது என்றாள் கோகிலவாணி. மடியில் தொலைபேசி அதிர்ந்தது. ரங்கநாயகிதான் என்று தெரியும். விசிறி நின்றிருக்கும். அவள் குனிந்து பார்க்கவில்லை.

"ஏனுங்க சம்பந்தி," என்று சென்னியப்பன் சாய்ந்து உட்கார்ந்தார், "ஆலைய மூடி மூணு நாளாச்சு. கலனு நெறஞ்சு வழியுது. ஒரு அம்பது அலகு உங்க பக்கம் தள்ளி உடட்டுங்களா?"

"அட, எதுக்குங்க? எங்களுக்கு இருக்குதுங்க."

"இருந்தா இருக்கட்டுமே. இங்க கெடந்து என்ன பண்றது?"

"நாளைக்கு வெயில் வந்தா உங்களுக்கு ஆலை ஓட்டோணுமுல்லீங்க. வெச்சுக்குங்க."

"வெயில் வந்தா அதுவே நெறஞ்சுட்டுப் போவுது. இந்த மழை உடற மாதரயா இருக்குது?"

தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. மூடிய எந்திரம் அவள் கண்ணுக்குள் வந்தது. முப்பத்தொன்பது டிகிரிக்கு மேல் போனால் ஓட்டுக்குள் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கும். அவள் புன்னகை செய்தாள்.

"உங்க பிரியத்துக்குக் குறைச்சலுங்களா? அப்பறம் பாத்துக்கலாமுங்க."

"அப்பறம் என்னுங்க அப்பறம்? நம்ம புள்ளைக ஊடு வேற, நம்ம ஊடு வேறயா?"

நாலாவது. "வேண்..." என்று ஆரம்பித்தவளின் குரல் பாதியில் உடைந்தது. பெட்டியின் பச்சை, மஞ்சளாக மாறியது. சென்னியப்பன் விரல்களை மடக்கிக்கொண்டார்.

கண்ணாத்தாள் கலகலவென்று சிரித்தாள். "சொன்னாக் கேட்டாத்தானே! மழையில நனஞ்சுக்கிட்டு வந்து தொண்ட கட்டிக்கிச்சு பாருங்க. இன்னொரு தம்ளர் காப்பி கொண்டாரட்டா?"

"ஐயோ, இதுவே வவுறு நெறஞ்சு போச்சு" என்று கோகிலவாணியும் சிரித்தாள். எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வேண்டாமுங்க சம்பந்தி. ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டயே வாங்கிட்டிருந்தா நல்லாவா இருக்குது?"

மஞ்சள் பச்சைக்குத் திரும்பியது.

"அப்படிச் சொன்னீங்கன்னா எனக்கு மனசு சங்கடமாப் போயிரும்" என்றார் சென்னியப்பன். அது உண்மை. அன்றைக்கு அந்த அறையில் பேசியதில் உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான் என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோகிலவாணி பெருமூச்சு விட்டாள். ஒருவர் கட்டாயப்படுத்துகிறாரே என்று அன்பாகச் சலித்துக்கொள்ளும் பெருமூச்சு. "நீங்க உடமாட்டீங்க. எதுக்குங்க இதெல்லாம்?"

ஐந்து.

"அப்ப அனுப்பிச்சுடறனுங்க" என்றது பெட்டி.

விசிறிகள் பதினான்கு நிமிடம் நின்றிருந்தன. ரங்கநாயகி எந்திரத்தின் கதவைத் திறந்து போட்டு, முட்டை அட்டையால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறாள். சூடு தணிந்தது, ஆனால் ஈரம் போய்விட்டது. ஈரம் போனதில் ஓட்டுக்குள் இருக்கும் தோல் காய்ந்து சில குஞ்சுகளை ஒட்டிப் பிடித்துக்கொண்டது. இருபத்தொன்றாம் நாள் இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினாறு குஞ்சுகள் வெளியே வந்தன. மிச்சத்தைக் கோகிலவாணியும் ரங்கநாயகியும் கொல்லையில் புதைத்தார்கள். இனம் தப்பியது.

உபசார அடுக்கை எடுத்துவிட வேண்டும் என்று ஜெரோம் வாரியத்துக்கு எழுதினார். கருங்கல்புதூரிலிருந்து ஒன்றரை வருடமாக மரியாதைக் குறைவு பற்றி ஒரு புகாரும் இல்லையே என்று வாரியம் பதில் எழுதியது. கேடயத்தையும் நினைவுபடுத்தியது. 

கார்த்திகை முதல் வாரத்தில், மதியம் சாப்பிட்டு முடித்த நேரத்தில், கோகிலவாணியின் பெட்டி வாரியத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்தது. கருங்கல்புதூரில் ஐப்பசி மாதம் இரண்டு சம்பந்தி குடும்பங்களுக்கு நடுவில் நடந்த உரையாடலை வாரியத்தின் நிபுணர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு காப்பி, ஐந்து மறுப்பு, நடுவில் இயல்பான சிரிப்பு. அவசரத்தின் சாயலே இல்லாத அபூர்வமான பதிவு. அதை முன்மாதிரியாக வைத்து மாநிலம் முழுவதும் உள்ள பதினொரு லட்சம் பெட்டிகளையும் புதிதாகப் பயிற்றுவிக்க வாரியம் விரும்புகிறது. அதன்பின் எல்லா வளையங்களிலும், எந்த இருவருக்கு நடுவிலும், குறைந்தது ஐந்து மறுப்பு. ஏழாம் பிரிவுப்படி உரியவரின் வாய்ச்சொல் தேவை.

"குடுத்துரலாமுங்களா?" என்று பெட்டி கேட்டது.

கோகிலவாணிக்கு அந்த எந்திரத்தின் கதவு ஞாபகம் வந்தது. பதினொரு லட்சம் பெட்டி. எந்த ஊரில் யாருக்கு எது நின்றுபோகும் என்று அவள் எண்ணிப் பார்க்க முயன்றாள். ஆஸ்பத்திரியில் ஓடும் எந்திரங்கள் வரை போய் நிறுத்திக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு அப்படியே இருந்தாள்.

வேண்டாம் என்றால் அது முதல் மறுப்பு. இன்னும் நாலு தடவை கேட்கும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. எந்தத் தடவை குரல் தளரும் என்று அது காத்திருக்கும். தளராத குரல் அவளிடம் கிடையாது.

யோசித்தாள். ஊரில் ஒருவரும் செய்யாத காரியம் ஒன்று பாக்கி இருந்தது.

"சம்மதம்" என்றாள், ஒரு தடவைகூட மறுக்காமல், முதல் வாயில், மலர்ந்த முகத்தோடு. "தாராளமா எடுத்துக்கட்டும்."

விளக்கு சிவப்பானது. "வற்புறுத்தல் ஐயமுங்க. இந்தச் சொல் செல்லாதுங்க. வாரியத்துக்கு எழுதிடறனுங்க. பயப்படாதீங்க."

கோகிலவாணி அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து நிம்மதியாக வெற்றிலை போட்டாள். கால்மணி நேரம் கழித்துச் சிவப்பு அணைந்தது. பெட்டி, பக்கத்தில் யாராவது இருந்தால் காதில் விழக் கூடாது என்பது போல, மெதுவாகக் கேட்டது:

"யாருங்க உங்கள மெரட்டறாங்க? சொல்லுங்க, நடவடிக்கை எடுக்கோணும்."

"யாரும் மெரட்டல" என்றாள் கோகிலவாணி.

பெட்டி அதை முதல் மறுப்பு என்று குறித்துக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டது.